எழுபத்து மூன்றாம் மூடி

எங்கள் வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் பையின் அடியில் ஒரு சோடா மூடி கிடக்கிறது. பிறப்புச் சான்றிதழ்கள், காணிக் கடதாசி, அம்மாவின் கிளினிக் கொப்பி எல்லாவற்றுக்கும் கீழே. அதன் உட்பக்கத்தில் சிவப்புப் பெயின்றால் 73 என்று எழுதியிருக்கிறது. எழுதியது ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, அதனால் ஏழு சரிந்து மூன்றின் மேல் சாய்ந்து நிற்கும். பெயின்ற் அரைவாசி உரிந்துவிட்டது. போன மாதம் ஸ்கூட்டியில் வந்த ஒரு பிள்ளை எங்கள் வேலிப் படலையில் நின்று, "அம்மா, ஒரு கருத்துக் கணிப்புக்கு வந்திருக்கிறன், பத்து நிமிசம் தருவீங்களோ?" என்று கேட்டாள். நான் உள்ளே போய் அந்தப் பையைத் திறந்தேன். நான் அடையாள அட்டை தேடுகிறேன் என்று நினைத்துவிட்டாள் போல. "ஐசி தேவையில்லை அம்மா" என்று படலையிலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள். நான் தேடியது மூடியை.

சண்டை நின்று, பூட்டியிருந்த பாதை திறந்து இரண்டு மூன்று வருடமான காலம் அது. ஜெயபுரம் பக்கத்தில் நாங்கள் இருந்த ஊரின் பள்ளிக்கூடத்தில் நான் பிள்ளைகளுக்கு இலைக்கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். முப்பது வயது. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் ஏழாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. கஞ்சிக் கொட்டிலுக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவில் அரைச்சுவர்தான். அதனால் கஞ்சியைத் துழாவியபடியே பதினேழு வருடத்துக்குப் பிறகு நான் மறுபடியும் பாடம் கேட்டேன். விளங்கியதும் விளங்காததுமாக ஏதோ காதில் விழும். அப்படி விழுந்தவற்றில் இன்றைக்கும் என் மண்டைக்குள் இருப்பது ஒரு சில காலைகள். மிஸ் வந்த காலைகள்.

மிஸ்சுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். கிளிநொச்சியிலிருந்து சைக்கிளில் வருவா. சைக்கிள் கரியரில் கோப்பு, ஹாண்டிலில் தண்ணீர்ப் போத்தல், வலது கையின் நடுவிரலில் எப்போதும் நீல மை. ஒரு நிறுவனம் அவவைக் கேள்வி கேட்கப் பழக்கி அனுப்பியிருந்தது. கேட்க வந்த விசயம் பஸ். எங்கள் ஊரிலிருந்து கிளிநொச்சிக்கு நாளுக்கு ஒரு பஸ் விடுவதற்கு ஒரு முதலாளி சம்மதித்திருந்தார். அது காலை ஆறு மணிக்கு வெளிக்கிடுவதா, எட்டு மணிக்கா? சனம் எதை விரும்புது என்று தெரிந்தால் அந்த நேரத்துக்கு விடுவேன் என்றாராம். அவ்வளவுதான் கேள்வி.

அந்த ஒரு கேள்வி எங்கள் வீட்டுக்குள் என்ன பெரிய கேள்வி என்று மிஸ்சுக்குத் தெரியாது. அம்மாவுக்குச் சீனி வருத்தம். காலில் ஒரு புண், ஆறுவதும் திரும்ப வெடிப்பதுமாக இருந்தது. கிளினிக்கில் முதலில் வருகிறவர்களுக்குத்தான் நம்பர். பிந்திப் போனால், "அடுத்த கிழமை வாங்கோ" என்று கொப்பியைத் திருப்பித் தந்துவிடுவார்கள். தம்பிதான் அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, காலுக்குச் சாக்குச் சுற்றி, பெரிய றோட்டு வரைக்கும் உழக்கிக்கொண்டு போவான். அங்கேயிருந்து ஏதாவது உழவு இயந்திரம் மறிக்கவேணும். நான் பின்னால் நடந்துபோவேன். ஆறு மணிக்கு ஒரு பஸ் வந்தால் அம்மா கதிரையில் இருந்தபடி போய் நம்பர் எடுப்பா. எட்டு மணிக்கு வந்தால் எங்களுக்கு அது இருந்தும் இல்லாத பஸ்தான்.

முதல்நாள் மிஸ் நேரே வீடுகளுக்குப் போனா. மத்தியானம் திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது. கையில் கோப்பு இருக்கிற ஆள் வீட்டு வாசலில் நின்றால் அது நிவாரணப் பதிவு. பதிந்தால் கூரைக்குத் தறப்பாள் வரும், மா வரும், மண்ணெண்ணெய் வரும். எங்கள் சனம் வருசக்கணக்காகக் கண்டது அதுதான். பஸ் எத்தனை மணிக்கு வேணும் என்று இவ கேட்க, அவர்கள் பங்கீட்டு அட்டையை எடுத்து நீட்டியிருக்கிறார்கள். ஒரு ஐயா, இன்னும் பிறக்காத பேரப்பிள்ளையையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறார். "எந்த நேரமெண்டாலும் எங்களுக்குச் சம்மதம் பிள்ளை, நீங்கள் பாத்துப் போடுங்கோ" என்று எல்லோரும் ஒரே மறுமொழி. கேட்கப்படாத வீட்டுக்காரர், "எங்கட வீட்டில மட்டும் ஆக்கள் இல்லையோ?" என்று றோட்டில் மறித்துச் சண்டை. மிஸ் கஞ்சிக் கொட்டில் வாங்குப் பலகையில் குந்தித் தண்ணீர் குடித்தா. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னா: "அக்கா, இந்தச் சனத்திட்ட கேள்வி கேட்டு வந்தவை ஒண்டில் குடுக்க வந்தவை, இல்லாட்டி எடுக்க வந்தவை. என்ன நினைக்கிறியள் எண்டு அறியிறதுக்கெண்டு மட்டும் ஒருத்தரும் வந்ததில்லை."

நான் தலையாட்டினேன். 'எடுக்க வந்தவை' என்று அவ சொன்னது மட்டும் எனக்குள் போய் இருந்துகொண்டது. தம்பிக்கு அப்போது பதினேழு வயது, இயக்கம் வீடு வீடாக ஆள் எடுக்கிற வயது.

பெரியவர்களுக்கு விளங்கப்படுத்துவதைவிடப் பிள்ளைகளுக்குச் சொன்னால் வீட்டுக்கு வீடு போய்ச் சேரும் என்று பள்ளிக்கூட அதிபர்தான் யோசனை சொன்னார். மூன்று நாள் காலையில் ஒரு பாடநேரம் கொடுத்தார்.

முதற்காலை மிஸ் கரும்பலகையில் ஒன்றும் எழுதவில்லை. "வவுனியாவில இருந்து நெல்லு வாங்க வாற நானா என்ன செய்யிறவர்?" என்று கேட்டா. வயற்காரரின் பிள்ளைகள், கத்தத் தொடங்கிவிட்டார்கள். நானா கூரான குழாயால் சாக்கைக் குத்தி ஒரு பிடி நெல் எடுப்பார், உள்ளங்கையில் உருட்டுவார், பல்லில் கடிப்பார், விலை சொல்லுவார். "ஏன் அவர் சாக்கு முழுதையும் கொட்டிப் பாக்கிறதில்லை?" "நேரம் காணாது மிஸ்!" "ஒரு இடத்தில மட்டும் குத்தினால் காணுமோ?" இல்லை, மேலே, நடுவில், அடியில் குத்துவார் என்றார்கள். ஏன் அப்படி என்று மிஸ் கேட்டபோது முன் வாங்கிலிருந்த ஒரு பிள்ளை பெருமையாக எழும்பி, "எங்கட அப்பா அடியில பதர் போட்டவர் மிஸ், நானா பிடிச்சிட்டார்" என்றது. வகுப்பே உருண்டு சிரித்தது. அந்தத் தகப்பன் கேட்டால் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று யோசித்ததில் நான் கஞ்சியை அடுப்பில் சிந்திவிட்டேன். மிஸ்சும் சிரித்துவிட்டுச் சொன்னா: "அதுதான் கருத்துக் கணிப்பு. ஊர் ஒரு சாக்கு. நான் ஒரு பிடிதான் எடுக்கப்போறன். ஆனா அந்தப் பிடி சாக்கின்ர எல்லா இடத்திலயும் இருந்து வரவேணும். எனக்கு விருப்பமான இடத்தில குத்தக்கூடாது."

"இது எலக்சனோ மிஸ்?" என்று ஒரு குரல். கடைசி வாங்கில் இருந்த சிறுமி. ஓயாமல் கேள்வி கேட்பதால் மற்றப் பிள்ளைகள் அவளைக் கேள்விக்காரி என்று பட்டம் தெளிப்பார்கள். அதற்கும் மிஸ் மறுமொழி சொன்னா. "எலக்சனில எல்லாரும் சொல்லவேணும், சொன்னபடி நடக்கவேணும், ஒருத்தர் வெல்லுவார். இதில கொஞ்சப் பேரைத்தான் கேக்கிறம். ஒருத்தரும் வெல்லுறதில்லை. என்ன நினைக்கினம் எண்டு அறியிறம், அவ்வளவுதான்." பிறகு இரண்டு பிள்ளைகளை எழுப்பி, ஒருவர் கேட்க மற்றவர் மறுமொழி சொல்லும்படி விட்டா. கேட்ட பிள்ளை, "உங்களுக்கு ஆறு மணி பஸ் தானே விருப்பம்?" என்றது. மிஸ் கையைத் தட்டி நிறுத்தினா. அப்படிக் கேட்டால் மற்ற ஆள் ஓம் என்றுதான் சொல்லும். ஆறோ எட்டோ என்று கேள், கேட்டுவிட்டு வாயை மூடு. "கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்கிறதுதான் இந்த வேலையில கஷ்டமான பகுதி" என்றா. அவவே அப்படித்தான். ஒன்றைக் கேட்டால் உதட்டை இறுக்கிக்கொண்டு, நம் முகத்தையும் பார்க்காமல் தன் பேனையைப் பார்த்துக்கொண்டு இருப்பா. அந்த அமைதியில் நாம் நினைத்திராததெல்லாம் வாயில் வந்துவிடும்.

இரண்டாம் காலை மூடிகள். கடைகளில் பொறுக்கிய சோடா மூடிகளைப் பிள்ளைகள் கழுவிக் காயவைத்து, வீட்டுக்கு ஒன்றாக நம்பர் எழுதினார்கள். எல்லாம் ஒரு பெரிய பால்மாத் தகரப் பேணிக்குள் போனது. நாளைக்குக் குலுக்கி முப்பது மூடி எடுப்போம், எந்த வீடு வந்தாலும் அதுதான் என்றா மிஸ். கேள்விக்காரி எழும்பினாள். "மிஸ், நீங்கள் பகலில போனால் வேலைக்குப் போன ஆக்கள் வீட்டில நிக்கமாட்டினமே? பஸ்ஸில போற ஆக்கள் அவைதானே?" மிஸ் பேணியை வாங்கில் வைத்தா. பிறகு கோப்பைத் திறந்து எதையோ வெட்டி எழுதினா. "பின்னேரம்தான் போகவேணும்" என்று தனக்குத்தானே சொன்னது அரைச்சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. படித்த ஆள் ஒன்பது வயதுப் பிள்ளை சொன்னதற்காகத் தன் எழுத்தை வெட்டியதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பேணி இரவுக்கு என் பொறுப்பில், கஞ்சிக் கொட்டிலில். பாத்திரங்களைக் கழுவி முடித்தபிறகு நான் அதைத் திறந்தேன். எங்கள் வீடு எழுபத்து மூன்று. மிஸ்ஸில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கோப்பில் எழுதுவது மிஸ்சோடு நிற்குமா? எழுபத்து மூன்றாம் வீட்டில் எத்தனை பேர், பொடியன் ஒருத்தன் நிற்கிறானா என்று அந்தத் தாளை வேறு யாரும் புரட்டிப் பார்த்தால்? வளர்ந்த பிள்ளை இருந்த வீட்டுக்காரர் எல்லோருக்கும் அந்தப் பயம் இருந்தது. எனக்கு எல்லோரையும்விடக் கொஞ்சம் கூட. பயம் வந்தால் என் கைதான் முதலில் வேலை செய்யும், மண்டை பிறகுதான் வரும். மூடியைத் தேடி எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் காலை குலுக்கினார்கள். பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொண்டு ஒவ்வொருவராக எடுத்தார்கள். முப்பதும் எடுத்து முடிய, மிஸ் பேணியை மூடப்போன நேரம், கேள்விக்காரி மிச்ச மூடிகளை நிலத்தில் கொட்டி வரிசையாக அடுக்கத் தொடங்கினாள். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மா, வராத ஆக்களையும் பாப்பம் எண்டு" என்றாள். அகப்பையை விட்டுவிட்டு விறகை உள்ளே தள்ளினேன், வெளியே இழுத்தேன். கொஞ்சத்தில் அவள் குரல் வந்தது. "மிஸ், எழுபத்து மூண்டு இல்லை."

எந்த வீடு எழுபத்து மூன்று என்பது மிஸ்ஸின் கோப்பிலிருந்த ஊர்ப் படத்தில் தெரியும். மிஸ் கோப்பைப் பார்த்ததையும், பார்த்தபிறகு கொட்டில் பக்கம் பார்க்காமல் இருந்ததையும் நான் கண்டேன். "ஒரு வீடு குறைஞ்சால் குலுக்கினது சரியில்லை" என்றா மிஸ். "எடுத்தது எல்லாம் திரும்பப் பேணிக்க போடுங்கோ. நாளைக்கு எழுபத்து மூண்டும் சேத்துக் குலுக்குவம்." ஒரு மூடிதானே மிஸ், விடுங்கோ என்று பிள்ளைகள் முனகினார்கள். மிஸ் விடவில்லை. அதிபரிடம் இன்னொரு நாளுக்குக் கேட்டுக்கொண்டா.

பள்ளிக்கூடம் விட்டபிறகு தண்ணீர் குடிக்க வந்தா. நான் சொல்லாமல் இருந்திருக்கலாம், அவ ஒன்றும் கேட்கவில்லை. வாங்கில் இருந்து பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தா. அந்த அமைதி தாங்காமல் நான்தான், "தம்பி நிக்கிறான் மிஸ், பதினேழு வயது" என்றேன். அவ எழும்பி வந்து கோப்பைத் திறந்து எனக்கு முன்னால் வைத்தா. வீட்டு நம்பர், ஆறு, எட்டு, அவ்வளவுதான். பேர் இல்லை, ஆட்களின் தொகை இல்லை, வயது இல்லை. மூன்றாவதாகவும் ஒரு கட்டம் இருந்தது. அது என்ன என்று விரலை வைத்தேன்.

"மறுமொழி சொல்ல விருப்பமில்லை எண்டு சொல்லுற ஆக்களுக்கு, அக்கா."

"அப்பிடிச் சொல்லலாமோ?"

"ஓம். அதுவும் ஒரு மறுமொழிதான். நான் அதையும் எண்ணவேணும். வீடு வந்தால் படலையில நிண்டு மாட்டன் எண்டு சொல்லுங்கோ, நான் கோடு போட்டிட்டுப் போயிடுவன். ஆனா பேணிக்க இல்லாத வீட்டை நான் என்னெண்டு எண்ணுறது?" கோப்பை மூடிவிட்டு, "எனக்கும் அந்த வயதில ஒரு தங்கச்சி இருக்கிறாள் அக்கா" என்றா. அதற்குமேல் அவவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூடியைத் தா என்றும் கேட்கவில்லை. எனக்கும் எடுத்துக் கொடுக்க வெட்கமாக இருந்தது.

அடுத்தநாள் கேள்விக்காரி புதிய எழுபத்து மூன்று ஒன்று எழுதினாள். சிவப்பு முடிந்துபோய், கரும்பலகைக்குப் பூசி மிஞ்சிய கறுப்புப் பெயின்றில் எழுதியது. அந்தக் கறுப்பு மூடி பேணிக்குள் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. குலுக்கினார்கள். ஒவ்வொரு நம்பர் வாசிக்கும்போதும் நான் துழாவுவதை நிறுத்தினேன். பதினொன்று. நூற்றி நான்கு. எழுபத்து என்று தொடங்கியபோது அகப்பையைப் பானைக்குள் விட்டுவிட்டேன். எழுபத்து நான்கு. முப்பதும் முடிந்தது. எழுபத்து மூன்று வரவில்லை.

தப்பிவிட்டோம் என்று நினைத்தேன். கஞ்சியை வார்த்துக் கொடுத்து முடிப்பதற்குள் அந்த நினைப்பு எங்கேயோ போய்விட்டது. வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துக்கொண்டே பானையைக் கழுவினேன். மாட்டன் என்று சொல்லியிருப்பேனா, ஆறு மணி என்றா? வீட்டுக்குப் போனால் அம்மா வாசலில் தலையை இழுத்து வாரி, நல்ல சீலை உடுத்தி இருந்தா. "எங்களைக் கேக்க வரயில்லையோ?" என்றா. வரவில்லை என்று சொன்னேன். மூடிக் கதையை நான் அவவுக்குக் கடைசிவரைக்கும் சொல்லவில்லை.

எழுபத்து நான்கு வேலிக்கு அங்கால் மாமியின் வீடு. மிஸ் பின்னேரம் வந்து கேட்டுவிட்டுப் போக, மாமி வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "எட்டு மணி எண்டு சொல்லிப்போட்டன் மச்சாள், பால் கறந்து குடுத்திட்டெல்லோ வெளிக்கிடவேணும்" என்றா. அம்மா புண்காலையும் பாராமல் எழும்பிவிட்டா. "உன்ர மாட்டுக்காக நான் டொக்டரிட்டப் பிந்திப் போறதோ? மாட்டையும் ஏத்திக்கொண்டு வாவன் பஸ்ஸில!" "உன்ர வீட்டை வரேல்லை எண்டு எரிச்சல் உனக்கு!" இரண்டு பேரும் இருட்டும் மட்டும் ஏசிக்கொண்டார்கள். குசினிக்குள் இருந்த தம்பிக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறியது. அன்றைக்கு எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு அதே கதைதான். கேட்கப்பட்டவர், கேட்கப்படாதவர், எல்லோருக்கும் பஸ்ஸைப் பற்றி ஒரு எண்ணம் இருந்தது. தறப்பாளைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

மறுமொழிகளை மிஸ் முதலில் பிள்ளைகளுக்குத்தான் சொன்னா. பலகையில் கோடுகள் போட்டு எண்ணினார்கள். மூன்று வீட்டு வித்தியாசத்தில் ஆறு மணி. மூன்றாவது கட்டத்தில் ஒரேயொரு கோடு. யாரென்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்த வீட்டை நினைத்து எனக்குப் பொறாமையாக இருந்தது. கேள்விக்காரி விடவில்லை. வேறு மூடிகள் வந்திருந்தால் எட்டு மணி வந்திருக்குமோ என்று கேட்டாள். வந்திருக்கலாம் என்றா மிஸ். "அப்ப எது மிஸ் உண்மை?" அரைச்சுவரில் சாய்ந்து நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். "எல்லா வீட்டையும் கேட்டால்தான் முழுசாத் தெரியும். இது அதுக்குக் கிட்ட. எவ்வளவு கிட்ட எண்டும் சொல்லிப்போட்டுத்தான் நான் முதலாளியிட்டக் குடுப்பன்." தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, அதையும் எழுதிக் கொடுப்பது ஒரு வேலை என்பது எனக்குப் புதிதாக இருந்தது. நான் எனக்குத் தெரியாததையெல்லாம் கெட்டது நடக்கப் போகிறது என்றே எடுத்துக்கொள்கிற ஆள்.

ஆறு மணிக்குப் பஸ் வந்தது. அம்மா ஒரு வருடத்துக்குக் கிட்ட அதில் போய் முதல் பத்துக்குள் நம்பர் எடுத்தா, புண் ஆறியது. தம்பிக்குப் பதினெட்டு நடக்கும்போதே கலியாணம் கட்டினவனை எடுக்கமாட்டார்கள் என்று நான் ஓடித்திரிந்து கட்டிவைத்தேன், அந்த நாளில் பலர் அப்படித்தான் செய்தார்கள். பிறகு திரும்பச் சண்டை தொடங்கிப் பாதை பூட்டியது, பஸ் நின்றது, ஊர் எழும்பி நடந்தது. நான் பத்திரப் பையை மார்போடு கட்டிக்கொண்டு நடந்தேன். முகாமில் எத்தனையோ பேர் கோப்போடு வந்து எழுதினார்கள். பேர், வயது, எங்கே இருந்து, எத்தனை பேர், எத்தனை பேர் இல்லை. ஒவ்வொரு முறையும் எழுதுகிற பிள்ளையின் நடுவிரலைப் பார்ப்பேன். மிஸ்ஸை நான் பிறகு காணவில்லை. அவவின் தங்கச்சி என்ன ஆனாள் என்றும் தெரியாது. தெரியாது என்பதைத் தெரியாது என்றே வைத்திருக்கப் பழகிவருகிறேன். லேசில்லை.

மூடியைக் கைக்குள் பொத்திக்கொண்டு படலைக்கு வந்தேன். ஸ்கூட்டிப் பிள்ளை கையில் ரப்லற்றோடு நின்றாள். "எங்கட வீடு என்னெண்டு வந்தது பிள்ளை?"

"குலுக்கலில வந்தது அம்மா. கம்பியூட்டர்தான் எடுத்தது."

"எல்லா வீடும் உள்ளுக்க இருந்ததோ?"

அவளுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. திரையைத் தட்டிப் பார்த்து, "ஓம் அம்மா, இந்த ஒழுங்கையில ஒண்டும் விடுபடயில்லை" என்றாள். நான் படலையைத் திறந்து விறாந்தையில் கதிரை போட்டேன். முதல் கேள்வி வீட்டிலுள்ள நோய் வருத்தத்தைப் பற்றி, இரண்டாவது ஆஸ்பத்திரியைப் பற்றி. மூன்றாவது இது: "ரவுணுக்குப் போற காலமை பஸ் எத்தினை மணிக்கு வந்தால் உங்களுக்கு நல்லம்?" கேட்டுவிட்டு அவளும் வாயை மூடிக்கொண்டாள். அவளை யார் பழக்கினார்களோ.

அம்மா இல்லை, எட்டு வருடமாகிறது. ஆறு மணி என்று நாக்கு நுனியில் வந்து நின்றது. எத்தனையோ வருடம் வைத்திருந்த மறுமொழி. ஆனால் கேட்டது என்னை. தம்பியின் பிள்ளைகள் மூன்று பேரையும் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தி அனுப்புவது நான்தான். பிறகு இரண்டு ஆடு அவிழ்த்துக் கட்டவேணும்.

"எட்டு மணி" என்றேன். அம்மா இருந்திருந்தால் ஒழுங்கை கேட்க ஏசியிருப்பா.